மாமாவின் டப்பாவில் பூத்த பாதரசம்

14 ஜூலை 1981, செவ்வாய்

காலையிலிருந்து ஒரே மழை. காளிகாட் சந்தில் கணுக்கால் மட்டும் தண்ணீர். மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம் எது, சாலை எது, தெரியவில்லை. கல்லூரிக்கு லீவு. நான் சொல்லிக்கொடுக்கிற கெமிஸ்ட்ரி லேபில் இன்றைக்கு என்னைத் தேடி அழப்போகிறவர் யாரும் இல்லை.

உமாவுக்குக் காய்ச்சல், மறுபடி. ஏழு வயசுக்குள் இந்தப் பிள்ளை படுத்த படுக்கை போதும் போதும் என்றாகிவிட்டது. மாமாதான் தெர்மாமீட்டரை உதறினார். எனக்கு மாமனார், வீட்டுக்கு வைத்தியரும் அவர்தான். ரயில்வே குமாஸ்தா உத்தியோகம் முடிந்த நாளிலிருந்து சித்த வைத்தியப் புத்தகங்களே கதி. உதறின கை கட்டில் விளிம்பில் மோதியது. டப். இப்போதெல்லாம் அவருக்குக் கை நடுக்கம் ஜாஸ்தி.

சிவப்புத் தரையில் பாதரசம். அடேயப்பா! லேபில் இத்தனை வருஷம் பார்த்தும் அலுக்கவில்லை. ஒன்று பத்தாகி, பத்தும் ஓடி, ஓரத்துக் கறுப்பு பார்டர் பக்கம் போய்ப் பதுங்கிக்கொண்டன. உமா காய்ச்சலை மறந்து, "அம்மா, வெள்ளி எறும்பு!" என்று கட்டிலிலிருந்து குதிக்கப் பார்த்தாள். தூக்கிக்கொண்டு போய் எங்கள் அறையில் போட்டேன்.

செய்தது, மறக்காமல் இருக்க:
- வளையல், மோதிரம் கழற்றினேன். தாலி ஜாக்கெட்டுக்குள். தங்கத்தில் பட்டால் ஒட்டிக்கொண்டு வெளுத்துவிடும், பிறகு ஊரெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.
- ஜன்னல் இரண்டும் திறப்பு. மழை உள்ளே வந்தது, வரட்டும்.
- துடைப்பம் கூடவே கூடாது. இரண்டு தபால் அட்டையால் மெல்லத் தள்ளி ஒன்று சேர்த்தேன்.
- டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் ஒளிந்ததெல்லாம் மின்னுகிறது.
- இங்க் ஃபில்லரால் உறிஞ்சல். பொடிப்பொடியானதற்கு பிளாஸ்திரி ஒட்டி எடுத்தல்.
- எல்லாம் தைலப் புட்டியில். மேலே தண்ணீர். மூடி இறுக்கம்.

இனி எங்கே போடுவது? சாக்கடையில் ஊற்றினால் கங்கைக்குப் போகும். குப்பையில் போட்டால் லாரி தாப்பா குப்பைமேட்டுக்குக் கொண்டுபோகும். அங்கேதான் கீரையும் காலிஃபிளவரும் விளைகிறது, அதைத்தான் நாம் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்குகிறோம். நல்ல கூத்து.

மாமா வாசலில் நின்றபடி: "கீழ கொட்டிராத தாயி. ரசத்தைக் கொட்டப்படாது. எங்கிட்ட தா." இரண்டு கையையும் நீட்டினார், கோயில் பிரசாதம் வாங்குகிற மாதிரி. நான் தரவில்லை. சமையலறை மேல் தட்டில் வைத்திருக்கிறேன்.

மாமாவுக்கு எதற்கு அது?

15 ஜூலை, புதன்

மழை விட்டது. புழுக்கம். உமாவுக்குக் காய்ச்சல் குறைந்து, குளிப்பாட்டிவிட்டேன். பிறந்ததிலிருந்து இடுப்பில் கிடக்கும் செம்புத் தாயத்து என்னமாய் மின்னுகிறது, புது வெள்ளி மாதிரி. யார் புளி போட்டுத் தேய்த்தது? மாமாவாக இருக்கும், பேத்தி என்றால் சும்மா இருக்கமாட்டார்.

கல்லூரியில் அபர்ணாதியிடம் சொன்னேன். ஃபிசிக்ஸ் லேப் அவள் பொறுப்பு, என்னைவிட இரண்டு வயது மூத்தவள், எதற்கும் அசையாதவள். "கொண்டா. துளியாக இருந்தாலும் கொண்டா. பாரோமீட்டரில் பாதரசம் குறைந்துபோய் பிரின்சிபாலிடம் கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது" என்றாள். சுத்தம் செய்து திரும்ப உபயோகிக்கலாமாம். எத்தனை தடவை வேண்டுமானாலும். அழுக்காகும், தேயாது. இது எனக்குத் தெரியாதா என்ன, ஆனாலும் நம் வீட்டுப் புட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று இதுவரை தோன்றியதே இல்லை.

டிராமில் உட்கார்ந்து யோசித்தது. ஒரு வீட்டில் பாதரசம் எங்கெங்கே இருக்கும்? தெர்மாமீட்டர். ரத்த அழுத்தம் பார்க்கிற பெட்டி. பழைய நிலைக்கண்ணாடியின் முதுகு. கீழ் வீட்டு மாஷிமா எங்களுக்கு வீட்டுச் சொந்தக்காரி, அவளுடைய காலஞ்சென்ற கணவர் டாக்டர். அலமாரியில் அவர் பெட்டி இன்னும் இருக்கிறது. எதிர் வீட்டு விஜயா, பக்கத்து வீட்டு சரளா என்று போனால் நம் தெருவில் மட்டும் எவ்வளவு தேறும்!

மாலை வந்து பார்த்தால் மேல் தட்டில் தைலப் புட்டி இல்லை.

"மாமா, இங்கே இருந்த புட்டி?"

"பத்திரமா இருக்கு."

"எங்கே?"

"பத்திரமா இருக்குங்கேன்லா!"

ஒரே கத்தல். பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தி இதுதான் முதல் தடவை. முகமே வேறாக இருந்தது.

17 ஜூலை, வெள்ளி

ஆடி ஒன்று. பாயசம் வைத்தேன்.

வீட்டில் காலைக் காப்பி எப்போதும் மாமா கைதான். டபராவை இடுப்பளவிலும் டம்ளரைத் தலைக்கு மேலும் பிடித்து ஆற்றுவார், ஒரு சொட்டு சிந்தாது. இன்று பாதிக் காப்பி வேட்டியில். டம்ளரும் டபராவும் கடகடவென்று அடித்துக்கொண்டன. உமா, "தாத்தா டம்ளர் பாட்டுப் பாடுது!" என்று சிரித்தாள். மாமா டம்ளரை வீசி எறிந்தார். குழந்தை அழுதாள். அவரும் ஒரு நொடியில் வாடிப்போய் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

வாய் கொப்புளித்த தண்ணீரில் ரத்தம். ஈறு வீங்கியிருக்கிறது. இரவு தூக்கமும் இல்லை என்கிறார்.

இவரிடம், என் வீட்டுக்காரரிடம், சொன்னேன். துறைமுக ஆபீஸிலிருந்து வந்து பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டே பதில்: "வயசு ஆகுதுல்லா." அறுபத்தாறெல்லாம் ஒரு வயசா? கீழே மாஷிமா எழுபதைத் தாண்டியவள், ஊசியில் நூல் கோக்கிறாள்.

உமாவின் கட்டில் மாமா அறையில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து மத்தியானம் அங்கேதான் தூக்கம். இன்று என் காதில்: "தாத்தா ரூம்ல வெள்ளிப் பாம்பு இருக்கு. சொல்லக் கூடாதாம்."

வாங்க வேண்டியது: து. பருப்பு, மண்ணெண்ணெய் (எப்படி இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது?), மெழுகுவர்த்தி. என் பழைய அலுமினிய டிபன் டப்பாவைக் காணோம்.

19 ஜூலை, ஞாயிறு

எழுத உட்கார்ந்தால் லோட்ஷெட்டிங். (இனி லோ.ஷெ., எழுதி மாளவில்லை.) மறுபடி கரண்ட் வந்தது. எழுதுகிறேன்.

கண்டுபிடிக்க நான் ஒன்றும் பாடுபடவில்லை. மாமாவே கூப்பிட்டார். காலை, உமாவும் இவரும் மார்க்கெட் போயிருந்தபோது.

"தாயி, நீ கெமிஸ்ட்ரி படிச்சவ. உனக்குத்தான் இதோட அருமை தெரியும். வா, காட்டுதேன்."

கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டி. அதற்குள் ஜனதா ஸ்டவ், இரும்புச் சட்டி, மயில்துத்தம், ஏதோ இலைச்சாறு, காகிதப் பொட்டலத்தில் கந்தகம். அப்புறம் என் டிபன் டப்பா! மூடியைத் திறந்தார்.

கடவுளே, என்ன அழகு. உள்ளே பாதரசக் குளம், கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு முளைத்திருக்கிறது. விரல் உயரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு இழை மேலே வந்தது, சத்தியமாக.

"பாத்தியா? ரசம் பூத்திருக்கு! குப்பி வாய் சின்னதா இருக்குன்னு ஆடி ஒண்ணாந்தேதி இந்த டப்பாக்கு மாத்தினேன். செங்கல் பொடி போட்டுத் தேய்ச்சு, சுத்தம் பண்ணி, பூசை முடிச்சு ஊத்துனேன். அன்னைக்கே பூத்துட்டுது! எவ்வளவு பேரு எத்தனை வருசம் தவம் கெடந்தும் பாக்காத காச்சி."

ரசமணி கட்டுகிறாராம். பாதரசத்தை மயில்துத்தத்தோடு இரும்புச் சட்டியில் காய்ச்சி, சாறு விட்டு ஆட்டி, இறுகவைத்து மணியாக உருட்டுவது. ஸ்டவ் அணைந்துவிடும் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு! மண்ணெண்ணெய் போன வழி தெரிந்தது. காளிகாட்டிலும் பெஹாலாவிலும் இருக்கிற கம்பவுண்டர்களிடமெல்லாம் சொல்லிவைத்து, உடைந்த தெர்மாமீட்டர்களாகச் சேர்த்திருக்கிறார். போன தீபாவளியிலிருந்து.

எனக்கு முதலில் வந்தது பயமில்லை. அதை இங்கேயாவது உண்மையாக எழுதுகிறேன். குனிந்து அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தலை நிமிர்ந்தது. எதிரே உமாவின் கட்டில். அவள் தலையணை. அவள் பொம்மை.

கை நடுக்கம். ஈறு. தூக்கமில்லாமை. கோபம். எல்லாம் ஒரே நூலில் கோத்துக்கொண்டு வந்து நின்றன.

"மாமா, இது பூவில்லை. டப்பா அலுமினியம். பாதரசம் அதை அரிக்குது. இன்னும் ரெண்டு நாளில் ஓட்டை விழும். இதைக் காய்ச்சினா கண்ணுக்குத் தெரியாத ஆவி வரும், வாசனையும் கிடையாது. அதுதான் உங்க கையை ஆட்டுது. உமாவும் இங்கதானே படுக்கா?"

"புள்ளைக்காகத்தாம்ளா செய்யுதேன்!"

பிறகு மெதுவாகச் சொன்னார். இவருக்கு முன்னால் பிறந்த இரண்டு பெண் குழந்தைகள். இரண்டும் காய்ச்சலில், இரண்டும் ஆடியில். உமாவுக்கு மாசாமாசம் காய்ச்சல். ரசமணி இடுப்பில் இருந்தால் அண்டாது. ஆடி அமாவாசைக்குள் கட்டியாக வேண்டும். "மொதல்ல ஒண்ணு கட்டுனேன். சின்னது. அது கெடக்கட்டும், இது பெருசு."

கண்ணாடி பாட்டிலுக்காவது மாற்றித் தாருங்கள் என்று கெஞ்சினேன். டிரங்குப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். சாவி கயிற்றில், பூணூல் மாதிரி மார்பின் குறுக்கே.

ஒன்று மட்டும் முடிந்தது. மாமா அறை ஃபேன் சத்தம் போடுகிறது என்று சொல்லி உமாவின் கட்டிலை எங்கள் அறைக்கு இழுத்துப்போட்டேன். படுக்கை விரிப்பு, தலையணை எல்லாம் மொட்டைமாடி வெயிலில்.

20 ஜூலை, திங்கள்

அபர்ணாதியிடம் சொன்னேன். டீக்கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் டீயைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. "வீட்டுக்குள்ளே காய்ச்சுகிறாரா? ஜன்னல் மூடிக்கொண்டா? அவரை அந்த அறையிலிருந்து வெளியே எடு, முதலில்."

லைப்ரரியில் தடிப்புத்தகம். அந்தக் காலத்தில் தொப்பி செய்கிறவர்கள் பாதரசத்தில் புழங்கிக் கை நடுங்கிப் போனார்களாம், சின்னச் சின்னதுக்கெல்லாம் சீறுவார்களாம், ஆளைப் பார்த்தால் கூசுவார்களாம். படிக்கப் படிக்க மாமாவைப் பற்றி யாரோ எழுதிவைத்த மாதிரி.

இவரிடம் எல்லாம் சொன்னேன். முதலில் சிரிப்பு. பிறகு பேப்பரை மடித்து வைத்தார். நிஜமாகவே வைத்தார். "நெசமாவா சொல்லுத?" அப்புறம், "அப்பாட்ட நீயே பேசு. எனக்குப் பேச வராது" என்றார். ஆஹா. பெரிய உதவி.

22 ஜூலை, புதன்

விழுந்தே விட்டது, ஓட்டை.

இரண்டு வகுப்பு முடித்துச் சீக்கிரம் வந்தேன், நல்லவேளை. செருப்பைக் கழற்றும்போதே மாமா அறையிலிருந்து, "ஐயோ, போச்சே!" டிரங்குப் பெட்டியின் துருப்பிடித்த அடிமூலை வழியாக ஒழுகி, தரை பூராவும் ஓட்டம். தெர்மாமீட்டர் சமாசாரம் இதன் முன்னால் ஒன்றுமில்லை. கட்டிலடியில், வாசற்படியில், தரை வெடிப்பில். அந்த நேரம் பார்த்து மாஷிமா வீட்டு வேலைக்காரி மாயா துடைப்பத்தோடு மேலே வந்து நிற்கிறாள்.

"ஜாடு தேபே நா! பெருக்காதே!" என்று பாதி வங்காளமும் பாதித் தமிழுமாகக் கத்தினேன். அவள் பயந்து படியிலேயே நின்றுகொண்டாள். உமாவை அவளோடு மாஷிமா வீட்டுக்கு அனுப்பினேன்.

லோ.ஷெ. ஃபேன் இல்லை. ஜன்னல் எல்லாம் திறந்து, நகை கழற்றி, தபால் அட்டை, டார்ச், ஃபில்லர். "மாமா, நீங்க வெளியே போங்க." போகவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து ஃபில்லரை என் கையிலிருந்து பிடுங்கினார். ஒரு குண்டு மேல் ஃபில்லர் நுனியை வைக்கப் பார்த்தார். கை ஆடியது. குண்டு சிதறியது. மறுபடி வைத்தார். மறுபடி சிதறியது. அப்புறம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், யாருடையதோ என்கிற மாதிரி.

"ஏ தாயி. என் கை என்னமா ஆடுது பாரு."

அழுதுவிட்டார். நானும். இருவரும் தரையில் உட்கார்ந்துகொண்டு, நடுவிலே அந்தச் சனியன் பளபளவென்று.

தரை வெடிப்புக்குள் போனதை எப்படி எடுப்பது என்று விழித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமா: "கந்தகம் போடு. ரசமும் கந்தகமும் சேந்தா கட்டிக்கும், பொறவு ஓடாது." அட! சரிதானே. லேபில் நாங்கள் சொல்கிறதும் அதேதான். அவருடைய பொட்டலத்தையே பிரித்து வெடிப்பெல்லாம் தூவி, அழுத்தி, ஊறவிட்டுச் சுரண்டி எடுத்தேன். அந்தப் பொடியும் தனி பாட்டிலில்.

மிச்சம் எல்லாம் கெட்டிக் கண்ணாடி பாட்டிலில், மேலே தண்ணீர், மெழுகு வைத்து அடைத்த மூடி. மொட்டைமாடி அறையில் பூட்டு. டிரங்குப் பெட்டிச் சாவியையும் மாமாவே கழற்றிக் கொடுத்தார்.

அவர் படுக்கை இப்போது ஹாலில். என் முட்டி இரண்டும் கன்றிப்போயிற்று. புடவையைத் தனியே கட்டிவைத்திருக்கிறேன், மற்றதோடு போடக்கூடாது.

23 ஜூலை, வியாழன்

காலையில் மாமா காப்பி போடவில்லை. நான் போட்டது கழுநீர். எல்லோரும் பேசாமல் குடித்தார்கள்.

பத்து மணிக்கு, நான் கிளம்பும்போது மாமா: "அலுமினியத்துலதான் பூக்குமா?"

நின்றுவிட்டேன்.

"நான் பூசை பண்ணாட்டாலும் பூக்குமா?"

காட்டவா, வேண்டாமா? காட்டினேன். பால்கனியில், காற்றோட்டத்தில். பழைய அலுமினிய சோப்பு மூடி, ஆணியால் ஒரு கீறல், மொட்டைமாடிப் பாட்டிலைத் திறந்து ஃபில்லரில் ஒரே துளி. தள்ளி நாற்காலி போட்டு இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சந்தில் வழக்கமான சத்தக் கச்சேரி: ரிக்‌ஷாமணி, மீன்காரன். கொஞ்ச நேரத்தில் கீறலில் வெள்ளை எட்டிப்பார்த்தது. அப்புறம் மீசை. அப்புறம் பஞ்சு.

மாமா, "ஏன் அப்பிடி?" என்றார். அலுமினியத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டு, பாதரசம் அந்தத் தோலைச் சேரவிடாது, அதனால் உள்ளே இருப்பதெல்லாம் காற்றைப் பிடித்துப் பொடியாகப் பொங்குகிறது என்றேன். கவனமாகக் கேட்டார். இரண்டு இடத்தில் மடக்கிக் கேள்வி கேட்டார். நல்ல கேள்விகள், என் செகண்ட் இயர் பெண்கள் கேட்காதவை.

பிறகு எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார். மத்தியானம் சாப்பிடவில்லை. ராத்திரியும்.

இவர் என்மேல் பாய்ச்சல்: "அவருக்கு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் உடைச்சிட்டியேட்டி." எனக்கு மட்டும் சந்தோஷமா? அவர் முகம் போன போக்கைப் பார்த்தவள் நான். பொய்யை விட்டுவைத்திருந்தால் அடுத்த டப்பா வாங்கியிருப்பார், அதை யார் சொல்வது? கோபம் கோபமாக வருகிறது, எல்லோர்மேலும், அந்தச் சோப்பு மூடிமேலும்.

25 ஜூலை, சனி

மாமா எழுந்து, சவரம் செய்து (இரண்டு வெட்டு), சட்டை போட்டுக்கொண்டு கீழே போனார். மாஷிமாவிடம் அவர் பேசியது மாடிப்படியில் நின்ற என் காதில் விழுந்தது. அவருடைய வங்காளம் நாற்பது வருஷத்தியது, எனக்கு அவ்வளவு வராது. டாக்டர் ஐயாவின் பெட்டி சும்மாதானே கிடக்கிறது, கல்லூரியில் பிள்ளைகள் படிக்க உதவும், வீட்டில் இருந்தால் என்றைக்காவது ஒழுகும், என் கையைப் பாருங்கள் என்று கையை நீட்டியிருக்கிறார்.

மாஷிமா (மாமா அவளுக்குப் பிள்ளைபாபு): "ஓ மா! பிள்ளைபாபு, இது என்ன சர்வநாசம்!" பெட்டியைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து, அழுதுகொண்டே கொடுத்தாளாம். கூடவே தீப்பெட்டிக்குள் பஞ்சில் சுற்றிவைத்திருந்த பாதரசமும். எதற்கு வைத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தூக்கிப்போட மனசு வரவில்லையாம்.

இப்போது மாமாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. தனக்குத் தெரிந்த கம்பவுண்டர்களிடமெல்லாம் போய், "உடைஞ்சா எனக்கு எடுத்து வைக்காதீங்க, இப்படி எடுத்து வைங்க" என்று என் தபால் அட்டைப் பாடத்தை ஒப்பிக்கிறார். தொடக்கூடாது, திறக்கக்கூடாது, வாங்கவும் கூடாது, சொல்ல மட்டும் என்று அவருக்கு நான் போட்ட நிபந்தனை. "சரி டீச்சர்" என்றார். கிண்டல்தான். திரும்பக் கிண்டல் செய்கிறாரே, அதுவே பெரிசு.

மாலை டாக்டர். ஈறு பார்த்தார். கையை முன்னால் நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் மருந்துச் சீட்டுக் காகிதத்தை விரித்து வைத்தார். காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. "கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்தையும் காகிதம் காட்டிக் கொடுக்கும்" என்றார். பாதரசமென்று நான் சொன்னதும் முதலில் புருவம் உயர்ந்தது, பிறகு நிறையக் கேட்டார். இனி அதன் பக்கமே போகாமல் இருந்தால் மெல்ல மெல்லக் குறையும், எவ்வளவு என்று இப்போது சொல்லமுடியாது. சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதியிருக்கிறார்.

மாமா வெளியே வந்து: "டாக்டரு நல்லவன். ஆனா காப்பி ஆத்த முடியுமான்னு கேக்க மறந்துட்டேன்."

27 ஜூலை, திங்கள்

பாதரச ஊர்வலம்!

மூடி போட்ட பக்கெட்டில் மரத்தூள், அதற்குள் பாட்டில்கள். மாஷிமாவின் பெட்டி தனிப் பொட்டலம். டாக்ஸி ஜன்னல் எல்லாம் திறந்து. மாமா கால்களுக்கு நடுவில் பக்கெட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரை, "ஆஸ்தே, ஆஸ்தே!" என்று வைதுகொண்டே வந்தார். "என்ன மாமா, கல்யாணப் பட்சணமா?" என்றேன். "அதைவிட கனம்" என்றார்.

அபர்ணாதி தயாராக இருந்தாள். எக்ஸாஸ்ட் ஃபேன், அடியில் அகலத் தட்டு, கையில் ரப்பர் உறை. முழங்கை வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்ட பிறகுதான் மூடியையே தொட்டாள். மாமாவைத் தள்ளி ஜன்னலோரம் நிறுத்தினாள். ஃபில்டர் காகிதத்தைக் கூம்பாக மடித்து, நுனியில் ஊசித் துளை. ஊற்றினாள். பஞ்சு, தூசி, இலைச்சாற்று அழுக்கு எல்லாம் காகிதத்தில் தங்க, கீழே ஒரே நூலாகச் சுத்தப் பாதரசம் இறங்கியது. சத்தமே இல்லை. மூன்று பேரும் மூச்சுவிட மறந்து பார்த்தோம். இன்னும் ஆசிட் கழுவல் உண்டு, நாளைக்கு.

ஏற்கெனவே கழுவி வைத்திருந்ததைப் பாரோமீட்டரில் விட்டுக் காட்டினாள். நம்முடையதும் கழுவின பிறகு இதற்குள்தான். மிஞ்சுவதை லேபுக்குச் சாமான் தருகிற கம்பெனிக்காரன் எடுத்துப்போய், மூடிய பாத்திரத்தில் வடித்து, புதுத் தெர்மாமீட்டரில் அடைப்பான்.

"அப்பம் இது திரும்பத் தெர்மாமீட்டராத்தான் வருமா?"

"ஆமா மாமா."

"எவன் வீட்டுப் புள்ளைக்கோ காச்சல் பாக்க."

"ஆமா."

கண்ணாடிக் குழாய்க்குள் முக்கால் மீட்டர் உயரத்துக்கு ஆடாமல் அசையாமல் நிற்கிறதை அருகில் போய்ப் பார்த்தார். "ஓடுகாலி சவம். இங்கன வந்து நிக்கத பாரு." கும்பிடப் போனார் என்று நினைக்கிறேன், கை பாதியில் நின்றது. அபர்ணாதி உறையைக் கழற்றித் தனியே போட்டு, சோப்பால் முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மாமா அவள் கையையே பார்த்தார்.

திரும்பும்போது டிராம். மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். களைப்பு போலிருக்கிறது. நான்தான் வழியெல்லாம் பேசினேன்: பக்கத்துத் தெரு, அடுத்த தெரு, சால்ட் லேக்கில் இவருடைய ஆபீஸ்காரர்கள் வீடு, எல்லோரிடமும் கேட்கலாம். அபர்ணாதி லேபில் ஒரு ஜாடி நிரந்தரமாகவே வைக்கிறேன் என்றிருக்கிறாள். வீடு சுத்தம். ஒரு துளி இல்லை. அப்பாடா!

28 ஜூலை, செவ்வாய்

தூறல். கல்லூரியிலிருந்து நாலரைக்கு வீடு. உமா வாசலிலேயே, மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு:

"அம்மா, தாத்தா என் தாயத்தை அறுத்துட்டாங்க."

"என்னது?"

"கத்திரிக்கோல் ஆடி ஆடி வயித்துல கிச்சுகிச்சு மூட்டிச்சு. அப்புறம் மூணாவது தடவைதான் கயிறு அறுந்துச்சு. தண்ணி பாட்டில்ல போட்டு மூடிட்டாங்க. நான் கையே வைக்கக் கூடாதாம்."

பால்கனி விளிம்பில் கண்ணாடி பாட்டில். கழுத்து மட்டும் தண்ணீர். மூடி இறுக்கம். உள்ளே புளியங்கொட்டை அளவில் சாம்பல் நிற மணி ஒன்று. பக்கத்தில் திறந்த தாயத்து. செம்புத் தாயத்து. வெள்ளையாக.

15ஆம் தேதிப் பக்கத்தை இப்போது திருப்பிப் பார்த்தேன். "புது வெள்ளி மாதிரி" என்று என் கையால் எழுதியிருக்கிறேன். செம்பு வெள்ளியானால் பாதரசம் பட்டிருக்கிறது என்று எம்.எஸ்ஸி.க்குத் தெரியாதா? குளிப்பாட்டித் துடைத்துத் தாயத்தை நேராக்கிவிட்டவள் நான்.

மாமா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

"எப்பம் இதை உள்ளே வச்சுக் கட்டினீங்க?"

"அவ பொறந்தநாளுக்கு."

மே மாசம்.

"நேத்து அந்த டீச்சரம்மா உறை போட்டுக்கிட்டுல்லா தொட்டா" என்றார். "நான் புள்ள இடுப்புல கட்டிருக்கேன்."

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது. அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

உமாவை வெளிச்சத்துக்கு இழுத்து, வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறு ரோஜா நிறம். இடுப்பில் தாயத்து இருந்த இடத்தில் தடம் மட்டும். நாளைக்கு முதல் வேலை டாக்டர். இவர் வந்ததும் சொல்ல வேண்டும்.

கையை நீட்டு என்றேன். இரண்டு கையும், விரலை விரித்து. மேலே ஒரு தபால் அட்டை வைத்தேன். பார்த்தேன். அட்டை அசையவில்லை. இன்னும் பார்த்தேன். அசையவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிறாள், அசையவே இல்லை.

"இது என்ன வெளையாட்டும்மா? அடுத்து யாரு? நீ வை!"

என் கையில் வைத்தாள். அட்டை படபடவென்று அடித்துக்கொண்டு கீழே விழுந்தது.

"அம்மா அவுட்டு!"